‘சரிபார்க்க வேண்டாம்’ என்னும் ஆணை

சென்ற வாரம் எங்கள் விடுதியின் முதலாண்டு முதுகலை மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். கணினி மையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், உதவ முடியுமா என்று கேட்டாள். அவளுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து யாரோ மோசடி மடல்களை அனுப்பியிருக்கிறார்கள். கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் திறக்க வேண்டுமானால், தன் கவனக்குறைவால் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனதென்றும் இனி அவ்வாறு நிகழாதென்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டுமாம்.

“தீதி, நான் யாரிடமும் சொல்லவில்லை” என்றாள்.

கடவுச்சொல் எவ்வழியே போயிற்று என்பதைக் கணினி மையம் விசாரிக்கவே இல்லை. ஆனால் ஒரு வழி திறந்து கிடந்ததை நான் அறிவேன். ஆகஸ்டு மாதத்தில் அவளுடைய கைப்பேசியை வளாக வைஃபையில் இணைத்துக் கொடுத்தவள் நானே. அண்ணனிடமிருந்து அவளுக்கு வந்த பழைய ஆண்ட்ராய்டு அது. பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்படியாகச் செய்தோம். ‘சிஏ சான்றிதழ்’ என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அந்தப் பக்கம். தேர்ந்தெடுத்தது என் விரல். அந்த மாதம் அவ்வாறு பதினான்கு கைப்பேசிகளை இணைத்தேன்.

அந்தத் தேர்வின் பொருள் என்ன? வீட்டு வைஃபையில் அனைவருக்கும் ஒரே கடவுச்சொல். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. ரேடியஸ் என்னும் வழங்கி அவற்றைச் சோதித்து நம்மை உள்ளே விடுகிறது. இந்தச் சோதனை இருதரப்பானது. பல்கலைக்கழகம் நம்மை அடையாளம் காண்பதற்கு முன்பாக, நம் கைப்பேசி பல்கலைக்கழகத்தை அடையாளம் காண வேண்டும். வலையமைப்பின் பெயர் அதற்கு உதவாது. பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். நூலக வாசலில் ஒருவர் தம் பையில் சிறு கருவியொன்றை வைத்து அதே பெயரில் அலைபரப்பினால் கைப்பேசிக்கு வேறுபாடு தெரியாது. உண்மையான வழங்கியைப் போலியிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் சான்றிதழே. அதைச் சரிபார்க்க வேண்டாம் என்று அமைத்துவிட்டால், அந்தப் பெயரைக் கண்ட இடத்திலெல்லாம், ரயில் நிலையமாயினும் தேநீர்க் கடையாயினும், கைப்பேசி நம்மைக் கேளாமலே இணைய முற்படும்.

அப்போது அயலார் கைக்குப் போவது சிறிய பொருளன்று. உள்முறை பி.ஏ.பி. ஆக இருந்தால் கடவுச்சொல் எழுத்து மாறாமல் போய்ச் சேரும். எம்.எஸ்.சாப் இரண்டாம் பதிப்பாக இருந்தால் மறையீட்டு வடிவில் போகும். அந்த மறையீட்டை ஒரே நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012ஆம் ஆண்டு டெஃப்கான் மாநாட்டிலேயே செய்து காட்டிவிட்டார்கள். எங்கள் வளாகத்தில் அதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும், கட்டணம் செலுத்தவும், மதிப்பெண் பார்க்கவும், ஆய்வேட்டைப் பதிவேற்றவும்.

ஆண்ட்ராய்டை உருவாக்குவோரே இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்பில், முதலில் பிக்சல் கைப்பேசிகளிலிருந்து, ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தெரிவையே நீக்கினார்கள். எங்கள் வழிகாட்டிப் பக்கமோ பழைய படங்களை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் ஒரு வரியைச் சேர்த்தது: புதிய கைப்பேசி வைத்திருப்போர் கணினி மையத்தை நேரில் அணுகவும். பூட்டு மாற்றப்பட்டதை ஒரு பழுதாக மட்டுமே அவர்களால் காண முடிந்தது.

மொழியியல் படித்தவள் என்பதால் அந்தத் தெரிவின் வாக்கியத்தை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். அது ஏவல் வாக்கியம். ஏவலில் கூறுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். கைப்பேசித் திரையில் கூறுபவர் பயனர், கேட்பது கருவி. அதாவது ‘நீ சரிபார்க்காதே’ என்று பயனர் தம் கைப்பேசிக்கு இடும் கட்டளை. அந்தக் கட்டளையை இடும்படி பயனரை ஏவுவது பல்கலைக்கழகம். ஏவலுக்குள் ஓர் ஏவல். ஆனால் கருவியில் பதிவாவது பயனரின் குரல் மட்டுமே. தவறு நேர்ந்த பின் ‘உன் கவனக்குறைவு’ என்று எழுதி வாங்க இந்த இலக்கணம் மிகவும் வசதியானது. ஏவியவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்.

நம் ‘வேண்டாம்’ என்ற சொல்லிலும் இதே மயக்கம் உண்டு. ‘தேவையில்லை’ என்றும் பொருள்படும், ‘கூடாது’ என்றும் பொருள்படும். என் வகுப்புத் தோழர்கள் பலரும் அதை ‘தேவையில்லை’ என்றே புரிந்துகொண்டிருந்தார்கள்: பல்கலைக்கழகமே சரிபார்த்துவிட்டது, நமக்கு அந்தச் சுமை தேவையில்லை என்று. ஒரு நிறுவனத்தின் மீது மாணவர் வைக்கும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைத்தான் அந்த ஏழாம் படி செலவழிக்கிறது.

இதற்குச் சில மறுமொழிகள் வரும். ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். கணினி மையத்தின் முகப்பில் அமர்ந்திருப்பவர் ஒப்பந்த ஊழியர். அவரை நான் குறைகூறவில்லை. ஆனால் சரியான முறைக்குக் கூடுதல் ஆள் தேவைப்படாது. எங்கள் பல்கலைக்கழகம் எடுரோம் அமைப்பில் உறுப்பினர். 2002இல் நெதர்லாந்தில் முன்மொழியப்பட்டு, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் அமைப்பு அது. இந்தியாவில் எர்நெட் அதை நடத்துகிறது. உறுப்பு நிறுவனங்களுக்கு ‘கேட்’ என்ற கருவியை எடுரோம் இலவசமாகவே தருகிறது. நிறுவனம் தன் வழங்கியின் பெயரையும் சான்றிதழையும் அதில் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். மாணவர் ஒரு கோப்பையோ செயலியையோ இறக்கிக்கொண்டால் கைப்பேசி தானே சரியாக அமைந்துவிடும். ஒருவர் சில நாள் செய்யும் வேலை, ஆண்டுதோறும் ஆகஸ்டில் நீளும் வரிசையைக் கலைத்துவிடும்.

மாணவர்களுக்குப் புரியாது என்பார்கள். புரியும்படி யார் சொன்னார்கள்? வழிகாட்டி முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. காரணம் ஒரு வரியிலும் இல்லை. மைதிலி பேசும் வீட்டிலிருந்தும் மணிப்புரி பேசும் வீட்டிலிருந்தும் வந்த பிள்ளைகளிடம் ‘இதை அழுத்து, அதை அழுத்து’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்களுக்கு அறிவில்லை என்பது நியாயமா? ‘இந்தப் பெயரில் போலி வலையமைப்பு இருக்கலாம், வழங்கியின் பெயரைப் பார்த்துக்கொள்’ என்பதை எந்த மொழியிலும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

கைப்பேசித் தரவு மலிவுதானே, வைஃபை எதற்கு என்பாரும் உண்டு. நூலகம் சந்தா கட்டும் ஆய்விதழ்களில் பல, வளாக வலையமைப்பின் முகவரியைப் பார்த்துத்தான் திறக்கின்றன. மடிக்கணினி வாங்க இயலாத மாணவிக்குக் கைப்பேசியே நூலகம். வைஃபையைத் தவிர் என்பது அவளிடம் ஆய்விதழைத் தவிர் என்பதே.

இதுவரை எவரும் தாக்கப்படவில்லையே என்பது கடைசி வாதம். தாக்கப்பட்டவர்களிடமெல்லாம் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதி வாங்கிக் கோப்பில் கட்டிவிட்டால் எப்படித் தெரியவரும்?

மேற்கோள் ஒன்றை மூலத்தோடு ஒப்பிடாமல் எழுதினால் நெறியாளர் ஏட்டைத் திருப்பி எறிவார். சரிபார்த்தலே நம் தொழில். அந்தத் தொழிலைக் கற்க வரும் மாணவருக்கு முதல் வாரத்தில் நாம் கற்பிக்கும் பாடம் இந்த இரண்டு சொற்களா?

நான் கேட்பவை நான்கு. வழிகாட்டியிலிருந்து அந்தப் படியை நீக்கி, வழங்கியின் சரியான பெயரை வெளியிட வேண்டும். ‘கேட்’ அமைப்பை இந்தப் பருவத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். வைஃபைக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் வேண்டும். விசாரணையின்றி மாணவரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்குத் திறக்காமல் அவளால் தேர்வுக் கட்டணம் செலுத்த முடியாது; கடைசி நாள் நெருங்கிவிட்டது. அவள் கையொப்பமிட்டபோது எனக்குத்தான் கை கூசியது. மறுநாள் பதிவாளருக்கு இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினேன். அதில் கையொப்பம் என்னுடையது. பதினான்கு கைப்பேசிகளிலும் அந்தத் தெரிவை அழுத்தியவள் நானென்றும், அழுத்தச் சொன்னது எந்தப் பக்கமென்றும் குறிப்பிட்டிருக்கிறேன். அந்தப் பதினான்கு பேரையும் தேடிப் பிடித்து அமைப்பை மாற்றி வருகிறேன். இன்னும் ஐவர் மீதமிருக்கிறார்கள்.

வேறு வளாகங்களில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிப் பக்கத்தை இன்றிரவே திறந்து பாருங்கள். அந்த வரி அங்கும் இருந்தால், உங்கள் பதிவாளருக்கும் ஒரு கடிதம் போகட்டும்.