பேழைக்கு வெளியே நின்ற பாட்டு

இத்தாலிய இசைநாடகத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது. தமிழ் இலக்கியம் படித்து, அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்துக் காலம் கழிப்பவன். ஆறுமுகநேரியின் உப்பளக் காற்றில் வளர்ந்த என் காதுக்கு ஓப்பரா என்பது நெடுநாள் வரை உரத்த குரல்களின் கூட்டமாகவே பட்டது. அப்படிப்பட்டவனை ஓர் இசைநாடகம் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதற்குக் காரணம் இசையைக் காட்டிலும் வெள்ளம் என்றே சொல்லவேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. கடலுக்குப் போகவேண்டிய படகுகள் மனிதர்களை மீட்க ஊருக்குள் வந்தன. எங்கள் வீட்டில் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுகியது. அதில் இருந்தவை பெரும்பாலும் சிற்றிலக்கியங்கள். வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’யும் அவற்றில் ஒன்று. அடிக்கடி கைநீட்டி எடுக்காத நூல்களைத்தானே கீழ்த்தட்டில் வைக்கிறோம்!

நீர் வடிந்த பிறகு, வெள்ளத்தைப் பாடிய படைப்புகள் எவையெவை என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் டொனிசெட்டியின் ‘இல் டிலூவியோ யூனிவர்சாலே’ அகப்பட்டது. ‘உலகப் பெருவெள்ளம்’ என்று பொருள். 1830-இல் நேப்பிள்ஸ் நகரின் சான் கார்லோ அரங்கில் முதலில் மேடையேறியது. தவக்காலத்தில் உலகியல் நாடகங்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் விவிலியக் கதையை இசைநாடகமாக்கும் வழக்கம் இருந்தது. இதுவும் அந்த வகை. நோவாவின் கதைதான், ஆனால் என்னை நிறுத்தியவள் விவிலியத்தில் இல்லாத சேலா என்ற பெண். அவள் நோவாவின் கடவுளை நம்புகிறாள். நோவாவைப் பகைக்கும் கணவனையும் நேசிக்கிறாள். கடைசியில் அந்தக் கடவுளைச் சபிக்கும்படி கணவன் வற்புறுத்த, சபித்த கணமே விழுந்து இறக்கிறாள். அதன் பிறகு வெள்ளம் வருகிறது. பேழைக்குள் போனவர்களின் கதையை நாம் அறிவோம். வெளியே நின்றவளுக்கு ஒரு குரல் கொடுத்தது இந்த நாடகம்.

டொனிசெட்டியின் பிற நாடகங்களுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. இதன் மெட்டு ஒன்று 1840-இல் பாரிசில் அவர் அரங்கேற்றிய வேறொரு நாடகத்துக்குக் குடிபெயர்ந்து புகழ்பெற்றது. தாய்நூலை நினைப்பவர்கள் அருகினார்கள். ஆனால் 2023 நவம்பரில், எங்கள் வெள்ளத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அவர் பிறந்த பெர்கமோ நகரம் அவர் பெயரால் நடத்தும் விழாவில் இதை மறுபடியும் மேடையேற்றியது. பிறந்த ஊர் தன் பிள்ளையின் தேறாத படைப்பையும் கைவிடவில்லை.

இங்கேதான் நனைந்த அந்தப் புத்தகம் என்னைக் குத்துகிறது. வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் மன்னரான சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். டொனிசெட்டியின் வெள்ளம் நேப்பிள்ஸில் மேடையேறியபோது அவருக்கு 55 வயதிருக்கும். அவரும் நோவாவைப் பாடியிருக்கிறார்: ‘நோவாவின் கப்பற்பாட்டு’. பெத்லகேம் குறவஞ்சியோ முழுமையான இசைநாடகம். பெத்லகேம் நாதர் உலா வருகிறார். தேவமோகினி காதல் கொள்கிறாள். குறத்தி குறி சொல்கிறாள். சிங்கன் பறவை பிடிக்கிறான். குற்றால மலையில் நாம் கேட்ட அதே இலக்கணம், விவிலிய நிலத்துக்குப் போய் வந்திருக்கிறது. இவருடைய கீர்த்தனைகளைத் தமிழ்த் தேவாலயங்களில் இன்றும் பாடுகிறார்கள். குறவஞ்சியைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? மெட்டு பிழைத்து நாடகம் மறைந்த கதை இங்கும் நடந்திருக்கிறது.

குற்றவாளிகளில் நானும் ஒருவன். சிற்றிலக்கியத் தாளில் குற்றாலக் குறவஞ்சிக்கு ஒரு வாரம் ஒதுக்குவேன். பெத்லகேம் குறவஞ்சிக்கு ஒரு வரி. ‘கிறித்தவர்களின் கொடை’ என்ற தலைப்பின் கீழ், ஆசிரியர் பெயரும் ஆண்டும். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், மதிப்பெண்ணும் பெறுவார்கள். ஒரு பாடலைக்கூட அந்த வகுப்பறை கேட்டதில்லை.

‘அது மதம் பரப்ப எழுதியது’ என்று ஒரு முணுமுணுப்பு எழும். ஆம், சாஸ்திரியார் அதை மறைக்கவில்லை. திரிகூடராசப்பக் கவிராயரும் தம் சிவபக்தியை மறைக்கவில்லையே. அவரை இலக்கியமாகவும் இவரைச் சமயநூலாகவும் அடுக்குவது எந்த இலக்கணம்? சாஸ்திரியாரின் உருவகங்கள் சில இடங்களில் கனக்கின்றன, குற்றாலத்துத் துள்ளல் இதில் இல்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள், நானும் உடன்படுவேன். ஆனால் அது வாசித்தவனின் தீர்ப்பு. பாடுவதற்கென்று எழுதிய ஒன்றைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு பாதித் தீர்ப்புதான். 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் மேடையேற்றியதால்தான் குற்றாலக் குறவஞ்சி நம் காலத்தவர் கண்முன் ஆடியது. அப்படி ஒரு கை இதற்கும் வேண்டாமா?

தேவாலயங்கள் இதைத் தங்கள் உடைமையென்று பெட்டிக்குள் வைத்திருப்பதும், தமிழ்த் துறைகள் அவர்களுடையது என்று ஒதுங்கி நிற்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். காயல்பட்டினமும் புன்னைக்காயலும் திருச்செந்தூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தக் கரையில், பாட்டுக்கு மட்டும் எதற்கு வேலி?

என் யோசனை எளியது. பெரிய அரங்கு வேண்டாம். வருகிற டிசம்பரில் இங்குள்ள ஏதேனும் ஒரு பள்ளித் திடலில், நான்கு மாணவர்களும் ஒரு மிருதங்கமுமாக, நோவாவின் கப்பற்பாட்டைப் பாடிப் பார்க்கலாம். படகு தெருவில் வந்ததைக் கண்ணால் கண்ட சனங்கள் கேட்கட்டும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகட்டும். அதுவும் ஒரு விமரிசனந்தான்.

புத்தகத்தை வெயிலில் உலர்த்தினேன். பக்கங்கள் அலையலையாக வளைந்து, மூட மறுக்கின்றன. இப்போது அது மேல்தட்டில் இருக்கிறது. ஆனால் அங்கே வைத்ததோடு என் கடன் தீர்ந்துவிடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.