பல்லைக் கடித்துக்கொண்டு

அக்கா மகளின் நிச்சயதார்த்தம் முடிந்த இரவு, பத்தரை மணிக்கு மண்டபத்தின் பின்பக்கம் எச்சில் இலைக் குவியலுக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தோம் நானும் அக்காவும். தேடியது நகையை அல்ல. சாப்பிட உட்கார்ந்தபோது அவள் வாயிலிருந்து கழற்றி, டிஷ்யூ தாளில் சுற்றி இலையோரம் வைத்த நிறமில்லாத பிளாஸ்டிக் உறையை. பல் வரிசையைச் சீராக்க மாட்டிக்கொள்ளும் அலைனர் அது. அதற்கென்று ஒரு டப்பா உண்டு. பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்ததால் அவள் அதை வெளியே எடுக்கவில்லை. பந்தி எடுத்தவர்கள் இலையோடு டிஷ்யூவையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“சத்தமாப் பேசாதடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் கிளம்பல” என்றாள் அக்கா.

இலை எடுக்கும் அம்மாதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். ரசமும் பாயசமும் ஒட்டியிருந்ததைத் தண்ணீரில் அலசி, குழல் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது என்னம்மா, பல்லு செட்டா?”

“ஆமா. எங்க பாட்டியோடது” என்றாள் அக்கா.

அந்தப் பொய்தான் என்னை இதை எழுத வைத்தது. பாட்டிக்குப் பல் செட் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 25 வயதுப் பெண்ணின் வாயில் ஒரு திருத்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது.

கதை சிறியது. இதற்கு முன் வந்த வரன் கைகூடவில்லை. தரகர் போனில் சொன்ன காரணம்: “பொண்ணு லட்சணம்தான். சிரிச்சா மட்டும் பல்லு ஏறித் தெரியுதாம்.” அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். குழந்தையில் அதைப் பார்த்து எல்லோரும் கொஞ்சினோம். தரகரின் போன் வந்த மாதமே அக்கா அவளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மொத்தம் 26 செட். செலவு ஒன்றரை லட்சம், மாதத் தவணையில். தவணை போவது அவளுடைய சம்பளத்திலிருந்து. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னால் கடைசி செட் முடிய வேண்டும் என்று மருத்துவரிடம் நாள் குறித்துக் கொடுத்தது குடும்பம். இலைக் குவியலில் கிடைத்தது 14ஆவது செட்.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அது என்ன கேட்கிறது என்பது புரியும். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல நிற்பதில்லை. விடாமல் மெல்ல அழுத்தினால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர, பல் நகரும். எந்தக் கிளிப்பும் செய்வது இதைத்தான். பல்லில் ஒட்டிவிடும் கம்பிக் கிளிப்பை மருத்துவர்தான் கழற்ற வேண்டும். அலைனரை நாமே கழற்றி மாட்டலாம். வாயை ஸ்கேன் செய்து, பல் ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே நிற்க வேண்டும் என்று கணினியில் திட்டமிட்டு, கட்டத்துக்கு ஒன்றாக உறைகள் செய்கிறார்கள். ஒரு உறை பல்லை ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்தது. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிட, பல் துலக்க, வெறும் தண்ணீர் தவிர எதைக் குடிக்கவும் கழற்ற வேண்டும். மறுபடி மாட்டுமுன் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும்.

1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம்தான் இதைப் பெரிய வணிகமாக்கியது. அது வைத்த பெயர் இன்விசலைன். கண்ணுக்குத் தெரியாது என்பது பெயரிலேயே இருக்கிறது. பல் நகரும் என்பதைக் கம்பியும் தரும். கூடுதல் விலை கொடுத்து நாம் வாங்குவது அந்தத் ‘தெரியாது’ என்பதை.

பெண்ணின் சிரிப்புக்கு நம் ஊரில் பழைய சட்டம் ஒன்று உண்டு: பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு. என் அம்மா கடைசிவரை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். இப்போது சட்டம் மாறிவிட்டது என்று நினைக்கிறோம். கல்யாண போட்டோகிராபர், “சிரிங்க மேடம், பல்லு தெரியட்டும்” என்கிறார். சிரிக்காதே என்ற கட்டளை, சரியாகச் சிரி என்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு தலைப்பு மறைத்தது. இப்போது முதலில் திருத்த வேண்டும், பிறகு திருத்தியதையும் மறைக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்பதுபோல மேடையில் நிற்க வேண்டும்.

‘கழற்றி மாட்டலாம்’ என்பதைச் சுதந்திரம் என்று விற்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒட்டிய கம்பி பலன் தராவிட்டால் கம்பியைக் கேட்கலாம், போட்டவரைக் கேட்கலாம். கழற்றும் கருவி பலன் தராவிட்டால் கேள்வி ஒருத்தியிடம் மட்டும்தான் வரும்: “நீ ஒழுங்காப் போட்டியா?”

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1996இல் எனக்கு 22 வயது. என்னைப் பார்க்க வந்தவர்களும் பல்லைத்தான் சொன்னார்கள். அப்பா சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பிளேட் செய்து போட்டார்கள். மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் ரோஸ் நிற அக்ரிலிக், முன்பற்களுக்கு மேலே வளைந்து ஓடும் ஒரு கம்பி. ‘ச’ சொன்னால் காற்றோடு எச்சிலும் வரும். டியூஷன் பிள்ளைகள் திரும்பிச் சொல்லிக்காட்டிச் சிரிக்கும். கல்யாணத்துக்குள் பல் ஓரளவு உள்ளே வந்தது. அதன்பிறகும் நெடுநாள் போட வேண்டும் என்றார் மருத்துவர். விட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

புகுந்த வீட்டில் பதினோரு பேர். குழம்பில் உப்புப் பார்க்கக் கழற்றுவேன். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொள்ளக் கழற்றுவேன். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறிய காபி குடிக்கக் கழற்றுவேன். ஒருநாள் அடுப்படி டம்ளரில் போட்டு வைத்திருந்தேன். யாரோ தெரியாமல் வெந்நீர் ஊற்ற, அக்ரிலிக் கோணிப்போனது. புதிது செய்யக் கேட்டேன். “உங்கப்பா காசைக் கொட்டுனது போதாதா?” என்றார் கணவர். ஊருக்குப் போனபோது மருத்துவரிடம் காட்டினேன். அவர் என் அட்டையில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினார். பல் மெல்லத் திரும்பிப் போனது.

ஒத்துழைப்பு. கழற்றும் கருவி எதுவானாலும் அதன் வெற்றி இந்தச் சொல்லில்தான் நிற்கிறது. 22 மணி நேரம் போக மீதி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, டீ, காபி, பல் துலக்கல் எல்லாம் முடிய வேண்டும். உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வருகிறவருக்கு இது நடக்கும். சமைத்துக்கொண்டே ருசி பார்ப்பவளுக்கு, நின்றபடி துண்டு துண்டாகச் சாப்பிடுபவளுக்கு எப்படி நடக்கும்? என் அக்கா மகள் அலுவலகத்தில் டீ குடிப்பதை விட்டுவிட்டாள். கழிவறைக் கண்ணாடி முன்னால் நான்கு பேர் பார்க்க எச்சில் நூல் இழுக்கக் கழற்றுவதைவிடப் பட்டினி மேல் என்கிறாள். அந்தப் பட்டினிக்கும் ஒத்துழைப்பு என்றுதான் பெயர்.

சரி, எது ஒழுங்கான பல்? எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899இல் கடிவரிசைக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் நம் ஊர் மருத்துவர்கள் கோப்பில் எழுதுவது அந்த வகைகளைத்தான். முக ஒழுங்குக்கு அவர் தன் நூலில் எடுத்துக்காட்டிய முகம், வாட்டிகனில் இருக்கும் அப்போலோ பெல்வெடேர் சிலையுடையது. ஒரு கிரேக்கக் கடவுள், ஆண், வெள்ளைப் பளிங்கு. இன்னொரு பக்கம், ஜப்பானில் தெத்துப்பல்லுக்கு ‘யாயெபா’ என்று பெயர். அது அழகு என்று சொல்லி, சீராக இருக்கும் பல்லின்மேல் செயற்கைத் தெத்துப்பல் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் 2010களின் தொடக்கத்தில் தோக்கியோ கிளினிக்குகளில் பரவியது. ஒட்டிக்கொள்ளப் போனவர்களும் இளம்பெண்களே. தெத்துப்பல் இருந்தால் எடு, இல்லாவிட்டால் ஒட்டு. எந்த ஊரானாலும் மருத்துவ நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பது பெண்தான்.

பல் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல் முன்பற்கள் மிகவும் தூக்கி நிற்கும் பிள்ளைகள் விழுந்தால் அந்தப் பல் உடையும் வாய்ப்பு அதிகம். கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கும் வாய்கள் உண்டு. முளைக்க வழியில்லாமல் எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும் பல் உண்டு. இவையெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும், இரண்டு பேருக்கும் வைத்தியம் வேண்டும். என் கோபம், வைத்தியத்துக்கு ஒரு பெண் எப்போது, யாருக்காக அழைத்துப் போகப்படுகிறாள் என்பதில். இவளுக்கு 12 வயதிலும் இதே பல்தான் இருந்தது. அப்போது யாரும் மருத்துவரிடம் போகவில்லை. 25 வயதில் தரகர் சொன்னதும் அது நோயாகிவிட்டது.

நோயை அழகுப் பொருளாக்கினால் விற்பதும் அழகுப் பொருளைப்போலவே நடக்கும். 2014இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப், வீட்டுக்கே அலைனரை அனுப்பியது. 2023 டிசம்பரில் ஒரேயடியாக மூடியது. சிகிச்சை பாதியில் நின்றது. தவணையை மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள். நம் நகரங்களிலும் வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுக்கிறார்கள். ஸ்கேன் பல்லின் வெளித்தோற்றத்தைத்தான் காட்டும். வேரையும் எலும்பையும் பார்க்க எக்ஸ்ரே வேண்டும், ஈறு நோய் இருக்கிறதா என்று ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈறு நோயை ஆற்றாமல் பல்லை நகர்த்தினால் பல்லைத் தாங்கும் எலும்பே தேயலாம். முகூர்த்த நாளுக்கு அவசரப்படுகிற குடும்பம் இதையெல்லாம் கேட்பதில்லை.

இதையெல்லாம் நான் அவளிடமே கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கும் பிடிச்சுத்தான் போட்டுக்கிட்டேன் சித்தி” என்றாள். “போட்டோல என்னைப் பார்க்க எனக்கே பிடிக்காது. உனக்கு அது புரியாது.”

எனக்குப் புரியாதா? 22 வயதில் ரோஸ் பிளேட்டோடு கண்ணாடி முன்னால் நின்று, உள்ளே வந்த பல்லைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். அவள் ஆசையும் பொய்யில்லை. ஆனால் அவளிடம் ஒன்று கேட்டேன்: “உனக்காகன்னா கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடி ஏன் முடியணும்? மாப்பிள்ளை போட்டோவைப் பெரிசாக்கிப் பாரு. கீழ்வரிசைல ரெண்டு பல்லு ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கு. அவரு எப்படி வாய் நிறையச் சிரிக்கிறாரு!” அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் பல்லை எண்ணும் வழக்கம் நமக்கில்லை.

கடைசி செட் முடிந்தாலும் வேலை முடியாது. பல் திரும்பிப் போகாமல் இருக்க ரீடெய்னர் போட வேண்டும், பெரும்பாலும் இரவுகளில், ஆண்டுக்கணக்கில். புகுந்த வீட்டின் முதல் இரவிலேயே தலையணைக்கடியில் ஒரு டப்பாவை ஒளித்து வைக்க வேண்டும். எத்தனை வருடம் ஒளிப்பாள்? ஒருநாள் அதுவும் ஒரு டம்ளருக்குள் போகும், யாரோ வெந்நீர் ஊற்றுவார்கள். அப்போதும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று அவள் பெயரில்தான் எழுதுவார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெண் பார்க்கப் போகிறவர்களே, மாட்டுச்சந்தையில்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், வீட்டுக்கூடத்தில் வேண்டாம். அம்மாக்களே, மகளின் பல்லுக்கு வைத்தியம் வேண்டுமென்றால் அவளுக்கு 12 வயதாகும்போது காட்டுங்கள், தரகரின் போனுக்குக் காத்திருக்காதீர்கள். மருத்துவர்களே, குடும்பத்தை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு, “உனக்கு வேணுமாம்மா?” என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். அவள் வீட்டில் யார் சமைக்கிறார்கள், அவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்றும் கேளுங்கள். ஒத்துழைப்பு இல்லை என்று எழுதுமுன் அவளோடு வீட்டில் யார் ஒத்துழைத்தார்கள் என்று விசாரியுங்கள்.

போட்டுக்கொள்கிற பெண்களே, போட்டுக்கொள்ளுங்கள். காசு உங்களுடையது, வாயும் உங்களுடையது. ஆனால் டிஷ்யூவில் சுற்றி ஒளிக்காதீர்கள். பந்தியில் உட்கார்ந்ததும் டப்பாவை எடுத்து இலைக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வையுங்கள். யாராவது என்னவென்று கேட்டால் பாட்டியின் பல் செட் என்று சொல்லாதீர்கள். “என் கிளிப்” என்று சொல்லிவிட்டு, பாயசத்தைச் சாப்பிடுங்கள்.