பிறர் இட்ட பெயர்

பெயர்ச் சொற்களை இடுகுறி, காரணம் என இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். ஓர் இனத்தார் பிறிதோர் இனத்தார்க்கு இடும் பட்டப் பெயரை இவற்றுள் எதன்பாற் சேர்ப்பது? அது காரணத்திற் பிறக்கின்றது. காரணம் மறைந்த பின்னரும் இகழ்ச்சியைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றது.

'பறங்கி' என்னும் சொல்லை நோக்குக. ஐரோப்பியப் 'பிராங்கு' மரபினரைக் குறித்த பெயர், அராபியர், பாரசீகர் வாய்வழி வந்து, தமிழகத்திற் போர்த்துக்கீசியர்க்கு ஆயிற்று. பறங்கிப்பேட்டையிலும் பறங்கிமலையிலும், ஏன், பறங்கிக்காயிலுங்கூட அது நிலைத்துவிட்டது. காயைக் குறிக்குங்கால் அதிற் பழிப்பில்லை. ஆளைக் குறிக்குங்காலோ, ஊனும் கள்ளும் உண்பவன், ஆசாரமிலான் என்பது பொருள். 1606-இல் மதுரை போந்த இத்தாலியத் துறவியாகிய தத்துவபோதகர், தாம் பறங்கியல்லர் என்று ஊரறியச் சாற்ற வேண்டியவரானார். கிறிஸ்தவராதலையே அந்நாளிற் 'பறங்கிக் குலத்திற் சேர்தல்' என்றனர். இலங்கையிலோ அதே சொல் இழிவு நீங்கி, ஓரினத்தாரின் பெயராய்ப் 'பறங்கியர்' என இன்றும் வழங்குகின்றது.

நிற்க. நமக்குப் பிறர் இட்ட பெயர்களும் உள. மலாய் நாட்டார் தென்னிந்தியரைக் 'கெலிங்' என்றனர். கலிங்கம் என்பதன் திரிபு அது என்பர் அறிஞர். முன்னாளில் வணிகர்க்குரிய வெறும் பெயராய், பினாங்கிலுள்ள 'கப்பித்தான் கெலிங்' பள்ளிவாசலின் பெயரிலும் விளங்கும் அச்சொல், நம்மவர் கூலிகளாய்க் கப்பலேறிய பின்னர் வசையாயிற்று. கலிங்கத்தைக் கனவிலும் காணாத தஞ்சாவூர்க் கூலியாள் கலிங்கத்தான் ஆனான்!

இலங்கைக் கதை இன்னும் கசப்பானது. மலையகத் தமிழரை இகழச் சிங்களர் எடுத்துக்கொண்ட 'கள்ளத்தோணி' நம் மொழிச் சொல்லே. அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்றவரோ தமிழரே. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தாயகம் மீண்டோரை, இங்கு நாம் 'சிலோன்காரர்' என்று தள்ளி வைத்தோம்.

இவற்றையெல்லாம் எண்ணத் தூண்டியது எங்கள் கும்மிடிப்பூண்டி. இங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுண்டு. இத்தகைய முகாம்களை 'அகதி' என்னாது 'மறுவாழ்வு முகாம்' என வழங்குமாறு 2021-இல் அரசு செய்தது. கடைத்தெரு இன்னும் அதனைக் கற்றபாடில்லை. சிப்காட் ஆலைகளில் உழைக்கும் பீகாரியர், ஒடியர், அசாமியர் அனைவரும் அத்தெருவிற்கு 'வடக்கன்' அல்லது 'இந்திக்காரன்'. வெறும் விளையாட்டுச் சொல் என்பர் சிலர். ஆயின், வடநாட்டு ஆலை முதலாளியை எவரேனும் முகத்தெதிரே 'வடக்கா' என விளிக்க யான் கேட்டதில்லை. அப்பெயர் சுட்டுவது திசையையன்று, கூலியை.

பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. சென்ற ஆண்டு, சென்னை செல்லும் மின்சார ரயிலில், "வடக்கா, தள்ளு" என்று ஒருவரை யானே விளித்தேன். உடன் நின்ற தோழர் நகைத்தனர். அவர் நகைத்திலர், ஒதுங்கி இடந்தந்தார். பொன்னேரி கடந்தபின் கொச்சைத் தமிழில் ஏதோ வினவினார். பேச்சு வளர்ந்தது. ஊர் எது என்றேன். கஞ்சாம் என்றார். தாய்மொழி ஒடியா, இந்தி, அவர்க்கும் கற்றறிந்த மொழியே. கஞ்சாம் 1936 வரை நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அன்றியும், அது பண்டைக் கலிங்க நாடு. கலிங்கத்தாரல்லாத நம்மைக் கடலுக்கப்பால் கலிங்கத்தார் என்று வைதனர். மெய்யாகவே கலிங்கத்தாராகிய ஒருவரை யான் 'வடக்கன்' என்றேன்!

இறங்குமுன் அவர் பெயரைக் கேட்டேன். இருமுறை சொல்லியும் என் நாவிற்கு அது வசப்படவில்லை. இம்முறை அவர் நகைத்தார். மூன்றாம் முறை ஒருவாறு சரியாகச் சொன்னேன்.