தாளம் ஏந்திய கை

தமிழிசையில் பெண்கள் பாடினார்கள், ஆடினார்கள்; ஆனால் பாட்டைப் படைத்தவர்கள் ஆண்களே என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. தேவார மூவர், சீர்காழி மூவர், திருவாரூர் மும்மூர்த்திகள் என்று வரிசைகள் அனைத்தும் ஆண்களாகவே இருப்பதைச் சான்று காட்டுவார்கள். அந்த வரிசைகள் பின்னால் வந்தவர்கள் வகுத்தவை. அவற்றில் இடம்பெறாத ஒரு பெண், தேவார மூவருக்கும் முன்பே பாடியிருக்கிறார்.

திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் போகும் ரயில் பாதையில் வருகிறது திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்குதான். இத்தலத்தைச் சைவப் பெண் அடியாரான காரைக்கால் அம்மையார் பாடிய இரண்டு பதிகங்களும் பதினோராம் திருமுறையில் உள்ளன. ‘மூத்த திருப்பதிகம்’ என்ற பெயரே அவற்றின் முதன்மையைச் சொல்லிவிடுகிறது. அம்மையாரின் காலம் பொதுவாக 6ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. தேவார மூவரில் சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டினர். அம்மையாரின் இரண்டு பதிகங்களில் ஒன்று நட்டபாடைப் பண், மற்றொன்று இந்தளம். சம்பந்தரின் முதல் பதிகம் நட்டபாடையில் அமைந்தது. சுந்தரரின் முதல் பதிகம் இந்தளத்தில் அமைந்தது. பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் தம் பெயரைப் பொறிப்பதும், பிற்காலக் கீர்த்தனைகளின் முத்திரையைப் போல, அம்மையாரிடம் அப்போதே இருக்கிறது. அங்கே அவர் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்கிறார்.

சொல் அவருடையது, இசை பிறருடையது என்பது அடுத்த வாதம். பதிகத்தைப் படித்தாலே இது நிற்காது. ஒரே பாட்டுக்குள் உழை, இளி, விளரி, தாரம், துத்தம், கைக்கிளை என்று சுரப் பெயர்கள் வருகின்றன. வீணை, மத்தளம், தக்கை, மொந்தை, குடமுழா, தமருகம் என்று கருவிகள் வருகின்றன. இசை தெரியாதவர் எழுதும் பாட்டு அல்ல அது. சிற்பிகளும் அவரை அப்படியே அறிந்திருந்தார்கள். விலா எலும்பு தெரியும் வற்றிய உடல், கையில் தாளம்: சோழர் கால வெண்கலத்தில் அம்மையாரின் அடையாளம் இது. கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஆடும் இறைவனின் காலடியில் அவர் இருக்கிறார்.

பண்களைப் பிற்காலத்தார் வகுத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் வாதம் தேறாது. தேவாரத்துக்குப் பண் அமைத்துத் தந்தவர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்றே திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அவர் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை என்பது வேதனை.

அம்மையார் ஒரு விதிவிலக்கு, பிறகு எவரும் இல்லை என்பதும் தவறு. மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) தமிழிலும் பிற மொழிகளிலும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றுக்கு மெட்டமைத்தவர்கள் வேறு வித்வான்கள், ஆகவே அவர் சொல்லும் இசையும் தாமே அமைக்கும் வாக்கேயக்காரர் ஆகார் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கு மெட்டமைத்தவர்களும் அவருடைய மாணவர்களே. அதற்காக அவரைச் சீர்காழி மூவரிலிருந்து யாரும் நீக்கவில்லை. ஆணுக்கு ஓர் அளவுகோல், பெண்ணுக்கு ஓர் அளவுகோல் என்பது நியாயமாகாது.

பெயரே பெண்ணை மறைத்துவிட்டதும் உண்டு. டி. எம். சௌந்தரராஜன் குரலில் தமிழ்நாடெங்கும் ஒலிக்கும் ‘உள்ளம் உருகுதய்யா’ என்ற முருகன் பாடலை இயற்றியவர் ஆண்டவன் பிச்சை. அது புனைபெயர், இயற்பெயர் மரகதம். 1899இல் பிறந்த பெண்மணி அவர்.