மார்கழி மட்டுமா சீசன்?

மயிலாப்பூரில் "சீசன்" என்று சொன்னால் விளக்கம் கேட்பவர் கிடையாது. மார்கழி மாதக் கச்சேரிகளைத்தான் அது குறிக்கும். யார் எந்த சபாவில் எத்தனை மணிக்குப் பாடுகிறார், எந்த சபா கான்டீனில் அடை அவியல் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் வடக்கு மாட வீதியில் காய்கறி வாங்கும் அம்மாளுக்குக் கூட மனப்பாடம். தியாகராய நகர்க்காரரைக் கேட்டால் இன்னொரு சீசனையும் சேர்த்துச் சொல்லுவார். தீபாவளிக்கு முன்னால் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் போகிறதே, அந்த ஜவுளி சீசன்!

இவை இரண்டும் போக, மூன்றாவதாக ஒரு சீசன் உண்டு. அதைப் பற்றி இந்தப் பேட்டைகளில் பேச்சையே காணோம். அதுதான் பெண்கள் கால்பந்தாட்ட சீசன்.

"பெண்களாவது, கால்பந்தாவது!" என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, தமிழ்ப் பெண்கள் இந்த ஆட்டத்தில் என்ன சாதித்திருக்கிறார்கள் என்பதைச் சற்றே காது கொடுத்துக் கேட்கட்டும்.

லூதியானாவில் நடந்தது

2019-ஆம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. பஞ்சாபில் லூதியானா நகரம், குருநானக் ஸ்டேடியம். இந்திய மகளிர் லீக் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ் கோஷ்டி. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால், சங்கீதத்தில் தஞ்சாவூர் மாதிரி. மறுபக்கம் மதுரையின் சேது கால்பந்துக் கழகம். 2016-இல் பிறந்த கழகம். அப்போது அதற்கு மூன்றே வயது!

மூன்று வயதுக் குழந்தை 3-1 என்ற கோல் கணக்கில் கெலித்தது. அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தவரும் ஒரு பெண்மணியே. பெயர் அமிர்தா அரவிந்த். நடுக்களத்தில் நின்று ஆடியவர்களில் ஒருவர் கடலூர் இந்துமதி கதிரேசன். இவர் தமிழ்நாடு போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் வீதியில் நின்று கடமை ஆற்றியவர். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காக்கி உடுத்தினார். காக்கியைக் களைந்துவிட்டு மறுபடியும் பூட்ஸ் அணிந்தார்.

இது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அதற்கு முந்திய ஆண்டே, 2018-இல், கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று, முதன்முதலாக அந்தக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் கொண்டு வந்தார்கள்.

சென்னையின் பெயரைத் தாங்கிய ஆண்கள் கழகம் 2015-லும், 2017-18-லும் இந்திய சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அந்தச் செய்தி தெரியாத பையன் அடையாறில் கிடையாது. அதற்கு அடுத்த ஆண்டே மதுரைப் பெண்கள் வென்ற கோப்பையைப் பற்றிக் கேட்டால், பையனும் விழிக்கிறான், அவன் தகப்பனாரும் விழிக்கிறார். இதுவா நியாயம்?

திருவிழாவும் நித்திய பூஜையும்

கபாலீசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் உற்சவம் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரள்கிறார்கள். ஆனால் கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது அந்த ஒரு நாள் கூட்டமா? இல்லை. ஆண்டு முழுவதும் தவறாமல் நடக்கும் ஆறு கால பூஜை அல்லவா!

விளையாட்டும் அப்படியே. பெண்கள் லீக் என்ற பெயரில் பல ஆண்டுகள் நடந்தது திருவிழா மட்டுமே. 2019-இல் மதுரைக் கழகம் கோப்பையை வென்ற அந்த "சீசன்" எத்தனை நாள் தெரியுமா? மே 5-இல் தொடங்கி மே 22-இல் முடிந்துவிட்டது. 18 நாள்! குழு ஆட்டங்கள் ஐந்து, அரையிறுதி ஒன்று, இறுதி ஒன்று. ஆக மொத்தம் ஏழே ஆட்டங்கள். அதுவும் பஞ்சாபின் கத்தரி வெயிலில். கல்யாண வீட்டுச் சமையல்காரர் கூட ஒரு முகூர்த்தத்துக்கும் மறு முகூர்த்தத்துக்கும் இடையில் ஓய்வு எடுத்துக்கொள்கிறார். இந்தப் பெண்களுக்கு அந்த ஓய்வும் இல்லை. கணுக்கால் பிசகினால் அது சரியாவதற்குள் போட்டியே முடிந்துவிடும். ஓர் ஆண்டு உழைப்பு அவ்வளவுதான்.

2022-இல் நிலைமை சற்றே மாறியது. புவனேசுவரத்தில் 12 கோஷ்டிகள் ஒன்றோடொன்று மோதின. ஒவ்வொன்றுக்கும் 11 ஆட்டங்கள். சேது கழகமும் கேரளத்தின் கோகுலம் கழகமும் தலா பத்து ஆட்டங்களிலும் வெற்றி கண்டு, பதினோராவது ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றன. மே 26-ந் தேதி நடந்த அந்த ஆட்டத்தில் முதல் கோலைப் போட்டது சேதுதான். ஆனால் கடைசியில் 3-1 என்று கோகுலம் வென்றது. பத்து வெற்றிகளுக்குப் பிறகு வந்த ஒரே தோல்வி, கோப்பையைக் கொண்டு போய்விட்டது. இப்படிப்பட்ட ஆட்டம் மதுரையிலோ சென்னையிலோ நடந்திருந்தால் ஊரே திரண்டிருக்காதா? நடந்ததோ தமிழ்நாட்டுக்கு வெகு தொலைவில்! ஆடிய பெண்களின் தாய் தந்தையரில் எத்தனை பேர் ரயில் ஏறிப் போய்ப் பார்த்திருக்க முடியும்?

2023-24-இல்தான் உண்மையான லீக் முறை வந்தது. ஏழு கழகங்கள், சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிராளி ஊரில் ஓர் ஆட்டம். கழகம் ஒன்றுக்கு 12 ஆட்டங்கள். 2023 டிசம்பரில், மயிலாப்பூர் சபாக்களில் தம்பூரா மீட்டப்பட்ட அதே மாதத்தில் தொடங்கி, 2024 மார்ச் வரை நடந்தது. அடுத்த சீசனில் எட்டுக் கழகங்கள், 14 ஆட்டங்கள். நல்லதுதான். ஆயினும் 2023-24-இல் ஆண்கள் சூப்பர் லீகில் ஒரு கழகத்துக்கு 22 ஆட்டங்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூஜை தொடங்கியிருக்கிறது, ஆறு காலமும் இன்னும் நிறைவேறவில்லை.

"ஊர் என்ன சொல்லும்?"

பெண்ணைப் பந்தாட அனுப்பத் தயங்கும் பெற்றோர் சொல்லும் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. வெயிலில் நிறம் போய்விடும். முழங்காலில் தழும்பு விழும். அரை நிக்கர் போட்டுக்கொண்டு ஓடினால் ஊர் என்ன சொல்லும். நாளைக்கு வரன் தேடும்போது என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வியை இந்தப் பேட்டைகள் முன்பும் கேட்டிருக்கின்றன. 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறி ஆடியபோது முகம் சுளித்தவர்கள் எத்தனையோ பேர். மறு ஆண்டே அவர் தொடங்கிய கலாக்ஷேத்திரத்தில் பெண்ணுக்கு இடம் கிடைத்தால், அதை இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத குடும்பம் உண்டா? குடும்பப் பெண் சபா மேடையில் உட்கார்ந்து பாடலாமா என்ற கேள்வி இருந்த காலத்தில்தான் டி.கே. பட்டம்மாள் பாட வந்தார். ராகம், தானம், பல்லவி ஆண்களின் சொத்து என்றார்கள். அதையும் அவர் பாடிக் காட்டினார். சங்கீத வித்வத் சபையின் "சங்கீத கலாநிதி" பட்டம் ஒரு பெண்மணிக்கு வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் பெண்மணி எம்.எஸ். சுப்புலட்சுமி. அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வைத்தியம் படிக்கப் போனபோதும் ஊர் பேசத்தான் செய்தது.

ஊர் முதலில் ஏசும். பிறகு பேசாமல் இருக்கும். அப்புறம் பல்லக்கில் ஏற்றும். ஊரின் சுபாவம் அது. அதற்குப் பயந்து உட்கார்ந்துவிட்டால் பல்லக்கு எப்படி வரும்?

இங்கிலாந்து செய்த தவறு

"பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, பணம் வராது" என்பது அடுத்த வாதம். இதற்குச் சரித்திரமே பதில் சொல்கிறது.

1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் இரண்டு பெண்கள் கோஷ்டிகள் மோதின. பார்க்க வந்தவர்கள் சுமார் 53 ஆயிரம் பேர்! ஓர் ஆண்டு முடிவதற்குள், 1921 டிசம்பரில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் "இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல" என்று கூறி, தன் கீழுள்ள மைதானங்களில் அவர்களை ஆட விடக்கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. கூட்டம் வராததால் பெண்கள் ஆட்டம் படுத்துவிடவில்லை. மைதானத்தின் கதவைச் சாத்தியதால்தான் படுத்தது. 2022-இல் ஸ்பெயின் தேசத்து பார்சிலோனாவில் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு 91 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள் திரண்டார்கள். கதவைத் திறந்தால் கூட்டம் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தியாவே ஒரு பாடம். 1983-இல் ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். பிறகு கவனிப்பாரில்லாமல் பின்தங்கினார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று, ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். நடுவில் போன காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

வயிற்றுப் பாடு

பணத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேசித்தான் ஆக வேண்டும். 2023-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு விதி செய்தது. லீகில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளையாவது ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத சம்பளத்தில் அமர்த்த வேண்டும் என்பது அது. மாதக் கணக்கில் பார்த்தால் 27 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மைலாப்பூரில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்தப் போதுமா என்பது வேறு விஷயம். ஆனால், "பந்து உதைத்தால் சோறு போடுமா?" என்று கேட்கும் பாட்டிக்கு, "போடும் பாட்டி, கொஞ்சமாவது போடும்" என்று பதில் சொல்ல முதன்முதலாக ஒரு வழி பிறந்தது.

கழகம் நடத்துகிறவர்களின் சிரமத்தையும் மறைக்கக்கூடாது. ஊர் ஊராகப் போய் ஆட ரயில், விமானச் செலவு, தங்கும் செலவு, சம்பளம் எல்லாம் உண்டு. டிக்கெட் வசூலோ சொற்பம். கை நஷ்டத்தில் எத்தனை காலம் நடத்துவார்கள்? ரசிகர்கள் தோள் கொடுக்காவிட்டால் எந்தக் கழகமும் நிலைக்காது.

கடலூரும் சென்னையும்

இன்னொரு கேள்வியும் எழுகிறது. இந்துமதியும் அவர் போன்ற பலரும் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது எப்படி? 2004-இல் ஆழிப்பேரலை அடித்துப் போட்ட ஊர் அது. அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர், பெற்றோரை இழந்த சிறுமிகளையும் ஏழைச் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டு பந்தாடக் கற்றுக் கொடுத்தார். அங்கிருந்து தேசியக் கோஷ்டிக்கே ஆட்கள் போனார்கள். வசதி இருந்தா வந்தது இந்த வெற்றி? ஒரு மைதானமும், தினந்தோறும் தவறாமல் வரும் ஒரு வாத்தியாரும் இருந்தார்கள்; அவ்வளவே.

தென் சென்னையில் வாத்தியார்களுக்கா பஞ்சம்? 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி நந்தனத்திலேயே இருக்கிறது. பெண்கள் பள்ளிகளும் கல்லூரிகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோமசுந்தரம் மைதானத்தையும் பெசன்ட் நகர்க் கடற்கரையையும் சுற்றி வந்தால் அது கண்ணில் படும். பந்தும் மட்டையுமாக ஆடுவோர் பெரும்பாலும் பையன்களே. பன்னிரண்டு வயதுப் பெண் டியூஷனுக்குப் போகிறாள். அல்லது நாகேசுவர ராவ் பூங்காவில் அம்மாவுடன் நடக்கிறாள். ஆடத் தெரியாததால் அல்ல. ஆட இடமும் துணையும் இல்லாததால்.

ஒரு கால்பந்து சபா

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு மாநகராட்சி மைதானத்திலும் வாரத்தில் இரண்டு மாலைகளாவது பெண் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். விளக்கும், கழிப்பறையும், ஒரு பெண் பயிற்சியாளரும் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டு மகளிர் கழகம் ஆடும் ஆட்டங்களில் சில, ஒவ்வொரு சீசனிலும் சென்னையில் நடக்க வேண்டும். பள்ளிச் சிறுமிகளை இலவசமாக அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்தால்தானே காலில் ஆசை பிறக்கும்?

மூன்றாவது யோசனை, இந்தப் பேட்டைகளுக்கே கைவந்த வித்தை. வாணி மகாலையும் கிருஷ்ண கான சபாவையும் வளர்த்தது ராஜாக்களின் மானியமா? ஆண்டுச் சந்தா கட்டிய அங்கத்தினர்கள் அல்லவா! அதே மாதிரி, பேட்டைக்கு நூறு பேர் சேர்ந்து ஒரு கால்பந்து சபா தொடங்கக் கூடாதா? ஆளுக்கு ஒரு சிறு சந்தா. அதில் பத்துச் சிறுமிகளுக்குப் பூட்ஸும் பந்தும். மார்கழியில் நாலு கச்சேரிக்கு ஆகும் செலவு, ஒரு சிறுமியின் ஆண்டை நடத்திவிடும்.

கச்சேரி கேட்ட காதும் குளிரட்டும். பந்தாட்டம் பார்த்த கண்ணும் குளிரட்டும். "எங்கள் தெருப் பெண் இன்றைக்கு ஆடுகிறாள்" என்று சொல்லிக்கொண்டு ஒரு மயிலாப்பூர் மாமி மடிசாருடன் கேலரியில் போய் உட்காரும் நாள்தான், இந்த ஊரில் பெண்கள் கால்பந்துக்கு உண்மையான சீசன் பிறக்கும் நாள்.