மாமாவின் தலைக்குள் இரும்பு

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர். சனி பகவானுக்கு உரிய உலோகம் இரும்பு என்பது எங்கள் ஊரில் எல்.கே.ஜி. பையனுக்குக்கூடத் தெரியும். என் மாமாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஏழரை ஆரம்பித்த அன்றே, குதிரை லாடத்தில் அடித்த மோதிரம் ஒன்று நடுவிரலில் ஏறிவிட்டது. அதே மாதம் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டார்.

''உடம்பு நல்லாத்தானே இருக்கு மாப்ளே, எதுக்கு தண்டச் செலவு?''

ஒருநாள் காலை காபி டம்ளர் கை நழுவியது. வாய் கோணியது. பேச்சு குழறியது. அத்தை அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக சி.டி. ஸ்கேன். அடைப்பு இல்லை, மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவு. (இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஸ்கேன் பார்க்காமல் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கும் புண்ணியவான்கள் கவனிக்க!)

பிழைத்தார். சில வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரில் தாயத்து, சாவிக்கொத்து எல்லாம் கொடுத்தவர், மோதிரத்தை மட்டும் விடவில்லை.

''கழட்டினா சனி பிடிக்கும்மா.''

''கழட்டலேன்னா மெஷின் பிடிச்சுக்கும் சார்'' என்றது அந்தப் பெண்.

சும்மா சொல்லவில்லை. 1.5 டெஸ்லா மெஷினின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30 ஆயிரம் மடங்கு. மோதிரம் என் சட்டைப் பைக்கு வந்தது. மாமா உள்ளே போனார், தலைக்குள் இருந்த இரும்போடு.

அது என்ன இரும்பு? நான் பி.காம். தெரிந்த பாஷையில் சொல்கிறேன். உடம்பில் இரும்பின் மொத்த ஸ்டாக் 3 முதல் 4 கிராம். பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களில். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம். 30 மில்லி கசிந்தால் 15 மில்லிகிராம் இரும்பு மூளையில் இறங்குகிறது. ரத்தம் அழுத்தி நசுக்குவது முதல் தவணை நஷ்டம். அடுத்த நாட்களில் சிவப்பணுக்கள் உடைந்து, கட்டவிழ்ந்த இரும்பு பக்கத்து செல்களைக் கெடுப்பது இரண்டாவது தவணை.

இதை மெஷின் எப்படிப் பார்க்கிறது? மூளையில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கள் பஜனை கோஷ்டி மாதிரி ஒரே சுருதியில் பாடுகின்றன. இரும்பு பக்கத்தில் இருந்தால் ஆளுக்கொரு சுருதி. பாட்டு சீக்கிரம் அமுங்கிவிடும். படத்தில் அந்த இடம் கறுப்பு. எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதை வைத்து இரும்பின் அளவைக் கணக்கிடலாம். ஒரு சிக்கல்: ஆக்ஸிஜன் இழந்த ரத்தமே காந்தத்தால் இழுக்கப்படும் என்று 1936-ல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டுபிடித்தார்கள். அதனால் புதுக் கசிவில் கணக்கு கொஞ்சம் குழம்பும்.

அளந்து என்ன லாபம்? தலசீமியா குழந்தைகளுக்கு அதிகப்படி இரும்பை வெளியேற்றத் தரும் டெஃபெராக்ஸமின் மருந்தை, மூளைக் கசிவு வந்த சுமார் 290 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. மூன்று மாதத்தில் எதிர்பார்த்த பலன் இல்லை. மருந்து தோற்றதா, அல்லது இரும்பு வரைக்கும் போய்ச் சேரவே இல்லையா? தலைக்குள் ஸ்டாக் எடுத்தால்தானே தெரியும்! ஆராய்ச்சிக்காரர்கள் அளக்க முயல்வது அதற்குத்தான்.

மாமாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. டாக்டர் ஃபிலிமைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெரிய கறுப்பு. அதைத் தவிர அங்கங்கே மிளகைத் தெளித்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள்.

''இதெல்லாம் பழைய கசிவு. இவருக்கே தெரியாம வந்து போயிருக்கு. ரத்தம் போனாலும் இரும்புக் கறை வருஷக்கணக்கா நிக்கும்.''

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று மாமா சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே புள்ளி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது பி.பி.

பைக் டயருக்குக் காற்று பார்க்கிறீர்களே, கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள்?

வெளியே வந்ததும் மாமா கையை நீட்டினார்.

''மோதிரத்தைக் குடு மாப்ளே.''

கொடுத்தேன். கூடவே மாத்திரை அட்டையையும்.

''அது சனிக்கு மாமா. இது பி.பி.க்கு.''