அரைப்பேரும் ஆயிரம் வரியும்

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்காகக் குறிப்புக் கோப்பு ஒன்றை எழுதிவைக்கும் வழக்கம் அண்மையில் பரவியது. கிளோட் கோட் என்ற கருவி, கிளோட்.எம்டி என்ற கோப்பை வேலை தொடங்கும்போதே படித்துவிடுகிறது. கிட்ஹப் கோபைலட்டுக்கும் கர்சருக்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு. கருவி மாறும்போதெல்லாம் கோப்பும் மாற வேண்டியிருந்ததால், ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பொதுவான கோப்புப் பெயர் 2025இல் முன்வைக்கப்பட்டு, பல கருவிகள் அதை ஏற்றன. இவை யாவும் சாதாரண உரைக் கோப்புகள். திட்டம் எப்படி அமைந்துள்ளது, எந்தக் கட்டளையால் சோதனைகளை ஓட்டுவது, எதைத் தொடக்கூடாது என்பவற்றை மனிதர் பேசும் மொழியிலேயே சொல்பவை.

இக்கோப்புகளைப் பற்றிய ஒரு நம்பிக்கை நிரலாளரிடையே வேரூன்றிவிட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு எழுதிவைக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு உதவியாளர் ஒழுங்காக நடக்கும் என்பதே அது. உதவியாளர் ஒரு பிழை விட்டால் ஒரு வரி சேர்க்கப்படுகிறது. அடுத்த பிழைக்கு இன்னொரு வரி. பழைய வரியை எவரும் நீக்குவதில்லை. இருந்தால் என்ன நட்டம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் வரியைத் தொட்ட கோப்பு, அக்கறையோடு செய்த வேலையாக மதிக்கப்படுகிறது. இந்த நம்பிக்கை பிழையானது. இலங்கையின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குச் செக்ரோல், அதாவது வேலைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கும் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொண்டால், பிழை எங்கே என்பது விளங்கும்.

குறிப்புக் கோப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும், கேட்கப்படும் வேலையோடு சேர்ந்தே, உதவியாளரை இயக்கும் மொழி மாதிரியின் முன் வைக்கப்படுகிறது. கொழுந்து நிறுவைப் பக்கத்தில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னாலும், சேமலாப நிதி பற்றிய நாற்பது வரிகளும் கூடவே வந்து நிற்கும். மாதிரியின் கவனம் இவை எல்லாவற்றின் மேலும் பரவுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நெல்சன் லியூவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதன் ஒரு பக்கத்தை அளந்து காட்டியது. நீண்ட உரையின் தொடக்கத்திலோ முடிவிலோ இருந்த செய்தியை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்தின. நடுவில் கிடந்ததைத் தவறவிட்டன. இன்றைய மாதிரிகளால் பல இலட்சம் சொற்களை ஒரே நேரத்தில் ஏற்க முடியும் என்பது இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுகிறது. அது ஏற்கும் அளவைப் பற்றிய பேச்சு. ஏற்றுக்கொண்ட இருநூறு கட்டளைகளையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது வேறு திறன். கட்டளைகள் பெருகப் பெருக அது தளர்கிறது.

நீளத்தைவிடப் பெரிய கேடு, கோப்பின் வரிகள் பழையவையாகிப் போவது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆனது. 2026க்கான வரவுசெலவுத் திட்ட உரை 1,550 ரூபாய்ச் சம்பளத்தையும், அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் அறிவித்தது. குறிப்புக் கோப்பில் "நாட்சம்பளம் 1,000" என்று ஒருவர் எழுதியிருப்பார். அடுத்தவர் அதைப் பார்க்காமல், நூறு வரி தள்ளி "1,350" என்று சேர்த்திருப்பார். இரண்டில் எதை எடுப்பது என்று உதவியாளர் பெரும்பாலும் யாரையும் கேட்காது; ஒன்றை எடுத்துக்கொண்டு நிரலை எழுதிவிடும். அந்தத் தொகை போய்ச் சேரும் இடம் ஒரு கொழுந்து பறிப்பவரின் மாதச் சம்பளச் சீட்டு. ஒரு நாளைக்கு 350 ரூபாய் குறைந்தால், இருபது நாள் வேலைக்கு 7,000 ரூபாய் குறையும். லயத்து வீட்டில் அது சிறிய தொகை அன்று. மாறக்கூடிய எண்ணுக்குத் தரவுத்தளத்தில், நடைமுறைக்கு வந்த திகதியோடு கூடிய ஓர் அட்டவணையே சரியான இடம். குறிப்புக் கோப்பு சொல்ல வேண்டியது, அந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே.

அப்படியானால் கோப்பில் எதை எழுதுவது? நிரலைப் படித்தும், உலகப் பொது அறிவைக் கொண்டும் உதவியாளரால் அறிய முடியாததை எழுத வேண்டும். மலையகத்தில் "பேர்" என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. நிர்ணயித்த கிலோ பறிக்காதவருக்கு விழுவது "அரைப்பேர்", அதாவது பாதிநாள் சம்பளம். இதை அறியாத உதவியாளர், செக்ரோலில் உள்ள பேர் என்ற நெடுவரிசையைக் கண்டதும் ஆளின் பெயர் என்றே கொள்ளும். அரைப்பேரை அரைகுறையாகப் பதிந்த பெயர் என நினைத்துத் திருத்தவும் முனையும். "கைக்காசு" என்பதும் இப்படித்தான். நாட்சம்பளத்துக்குப் புறம்பாக, பறித்த கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுபடும் பணம் அது. இத்தகைய பத்துச் சொற்களின் பொருளைத் தரவில் உள்ளபடியே தமிழில் எழுதிவைப்பது, "தூய்மையான நிரல் எழுது", "கவனமாகச் சிந்தி" போன்ற ஐம்பது வரிகளைவிடப் பயன் தரும். அந்த ஐம்பதையும் அழித்துவிடலாம்.

தேசிய அடையாள அட்டை எண் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் எண்ணில் பன்னிரண்டு இலக்கம். பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாளின் வரிசை எண். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். இவ்வளவும் எங்கும் கிடைக்கும் செய்தி. எளிதில் தவறுவது வேறொன்று: பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்றே வரிசை எண் கணக்கிடப்படுகிறது. ஆகவே லீப் ஆண்டு அல்லாத 1985இல் மார்ச் 1ஆம் திகதி பிறந்தவரின் எண் 060 ஆகாது, 061. வழக்கமான நாட்காட்டிக் கணக்கைப் போட்டால், லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தோரின் பிறந்தநாள் பிழைக்கும். ஓய்வுபெறும் திகதியும் அதனோடு பிழைக்கும். இந்த ஒரு வரி கோப்பில் இருக்கத் தகுந்தது. அதற்கொரு சோதனையும் நிரலில் இருக்க வேண்டும்.

மீதமிருப்பதைப் பிரித்து வைக்க வேண்டும். காலையில் வேலை பகிரப்படும் பெரட்டுக்களத்தில் நடப்பது இதற்குப் பொருத்தமான முறை. கொழுந்துக்குப் போகிறவருக்கு இன்று எந்த மலை என்று சொல்லப்படுகிறது. கவ்வாத்துக்குப் போகிறவருக்கு அவர் மலையும் வெட்டும் உயரமும் சொல்லப்படும். தோட்டத்தின் எல்லா வேலை விதிகளையும் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு மலைக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளை எங்கும் இல்லை. இதே முறைக்குக் கருவிகளும் இடம் தருகின்றன. ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பை ஒவ்வொரு துணை அடைவிலும் வைக்கலாம். திருத்தப்படும் கோப்புக்கு மிக அருகில் உள்ளதே முன்னுரிமை பெறும். கர்சரில் ஒவ்வொரு விதியையும் எந்த வகைக் கோப்புகளுக்கு உரியது என்று குறித்துத் தனியே வைக்க முடியும். சம்பளக் கணக்கின் விதிகள் சம்பள அடைவுக்குள் இருந்தால், நிறுவைப் பக்கத்தில் வேலை நடக்கும்போது அவை குறுக்கே வாரா.

கடைசியாக, குறிப்புக் கோப்பைப் பூட்டாக நினைக்கும் மயக்கம் விலக வேண்டும். "தொழிலாளரின் அடையாள அட்டை எண்ணைப் பதிவேட்டுக் கோப்பில் எழுதாதே" என்ற வரி ஒரு வேண்டுகோள்தான். மாதிரி பெரும்பாலும் அதைக் கேட்கும். எப்போதும் கேட்கும் என்ற உறுதி இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் இந்த "பெரும்பாலும்" போதாது. நடக்கவே கூடாததைத் தடுப்பதற்கு அனுமதி அமைப்பு, தானாக ஓடும் சோதனை, நிரல் சேரும் முன் மனிதர் பார்க்கும் பார்வை ஆகியவை உண்டு. தடையை அங்கே வைத்தபின், கோப்பில் அதே வரியைப் பெரிய எழுத்தில் மூன்று முறை எழுதத் தேவையில்லை.

ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் பதுளையில் நிறுவப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் கணினி படிக்கச் செல்லும் இடங்களில் அதுவும் ஒன்று. நாளை இத்தகைய மென்பொருளை எழுதப்போகும் அவர்கள், நீளமான கோப்பே நல்ல கோப்பு என்ற பாடத்தை ஏற்கக்கூடாது. சம்பளக் கணக்கின் கோப்பில் அரைப்பேருக்குப் பொருள் சொல்லும் வரி இருக்க வேண்டும். 1,350 என்ற எண் இருக்கக்கூடாது.